ஏற்காட்டுக் கடைசி பஸ்: வழித்தடங்களை ஒப்பந்தத்துக்கு விடலாமா?

அஸ்தம்பட்டி கணக்கர் (வெள்ளி, இரவு 9.15)

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் மலை இறங்கினேன். பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. ஏறுகிற கார்களும் இறங்குகிற கார்களும் வளைவிலேயே முகத்தோடு முகம் முட்டி நின்றன. நின்றுகொண்டு வந்தவர்களையும் சேர்த்து பஸ்ஸில் எழுபது பேர் இருந்திருப்போம். எங்களுக்கு முன்னால் நின்ற காரில் இரண்டே பேர். அந்தக் கார் அடைத்த இடத்துக்கு வாடகை இல்லை. எழுபது பேரின் முக்கால் மணி நேரத்துக்கு விலையும் இல்லை. வீடு வந்து சேர்ந்தும் மனம் ஆறவில்லை. மூன்று யோசனைகளை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதலாவது, பஸ் கட்டணம். சாதாரணப் புறநகர் பஸ்ஸுக்கு 2018 ஜனவரியில் கிலோமீட்டருக்கு 42 பைசாவை 60 பைசா ஆக்கினார்கள். ஊரெல்லாம் மறியல் நடந்ததும் 58-க்கு இறக்கினார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. டீசல் அப்போது 65 ரூபாயை ஒட்டி இருந்தது. பின்னாளில் 92-ஐத் தாண்டியது. ஓட்ட ஓட்ட நட்டம் என்றால் எந்தப் பணிமனையும் நடையைக் குறைக்கத்தான் பார்க்கும். ஆறேழு ஆண்டுக்கு ஒரு முறை தலையில் இடி விழுவதுபோல் ஏற்றாமல், டீசலோடும் சம்பளத்தோடும் இணைத்து ஆண்டுதோறும் சில பைசா ஏறவோ இறங்கவோ விடலாம்.

இரண்டாவது, மலைத் தடங்களைப் போட்டி ஒப்பந்தத்துக்கு விடுவது. இந்த நேரத்துக்கு இத்தனை நடை, இந்த ஊர் வரை என்று அரசு எழுதிவைக்கட்டும். மிகக் குறைந்த மானியம் கேட்பவருக்குத் தடம். சேலத்தின் காமலாபுரம் விமான நிலையம் 1993-ல் வந்தது. பெரும்பாலான ஆண்டுகள் விமானமே இல்லாமல் கிடந்தது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் ‘உடான்’ திட்டத்தில் மத்திய அரசு இழப்பீட்டு நிதி தந்த பிறகுதான் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் பறந்தது. விமானத்துக்குச் செய்ததை மலை ஊர்ப் பஸ்ஸுக்கு ஏன் செய்யக் கூடாது?

மூன்றாவது, சனி ஞாயிறும் கோடை விழா நாட்களும் அடிவாரத்தில் வெளியூர்க் கார்களுக்கு நூறு ரூபாய் போல ஒரு கட்டணம். அந்தப் பணம் மலைப் பஸ்ஸுக்கு மட்டுமே போக வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது. சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது. 1998 முதல் நேரத்துக்கேற்ப மின்னணு முறையில் வசூலிக்கிறது. நெரிசலுக்கு விலை வைத்தால்தான் நெரிசல் குறையும்.

பழைய நடத்துநர் (வெள்ளி, இரவு 10.40)

தம்பி, நான் முப்பத்தோரு ஆண்டு டிக்கெட் பையைத் தோளில் போட்டவன். நீங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் இரண்டாவது யோசனையை முழு மனதோடு எதிர்க்கிறேன்.

சேலத்தில் ஏதோ அரசு ஏகபோகம் இருப்பதுபோல் எழுதுகிறீர்கள். 1972-ல் பெரிய முதலாளிகளின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் பிறந்தது. சிறிய முதலாளிகளின் பஸ்கள் அப்படியே ஓடின, இன்றும் ஓடுகின்றன. டவுன் பஸ்ஸிலும் தனியார் உண்டு, வெளியூர்ப் பஸ்ஸிலும் உண்டு. சந்தை எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், புதிய பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். தனியார் வண்டியில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலில் பங்கு. அதனால் நிலையத்தின் வாசலில் வண்டியை அங்குலம் அங்குலமாக உருட்டிக்கொண்டே ஆள் சேர்ப்பார்கள். பின்னால் அடுத்த வண்டியின் முகம் தெரிந்ததும் பறப்பார்கள். இரண்டு நிமிட நேரத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட நடத்துநர்களை நான் விலக்கிவிட்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாலையில் முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர்கள். எங்களுக்கும் வசூல் படி உண்டு, மறைக்கவில்லை. ஆனால் வசூல் குறைந்தாலும் சம்பளம் வரும், அதனால் கிழவியை ஏற்றிவிட்டுத்தான் விசில் ஊதினோம்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. அதற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. மலைச்சாலையில் அவசரத்துக்குக் கூலி கொடுக்கும் எந்த முறையும் வேண்டாம் என்பதே என் பேச்சு.

விமானக் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தச் சேவை 2021-ல் நின்றுபோனது. சேலத்துக்கு அடுத்த விமானம் வந்தது 2023 அக்டோபரில். இடையில் விமானம் இல்லை என்று யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. மலை ஊரில் இரண்டு நாள் பஸ் நின்றால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

அம்மாப்பேட்டை மாணவி (சனி, காலை 6.50)

நான் பொருளாதாரம் படிக்கிறேன். நடத்துநர் ஐயா சொன்னதற்குத் தில்லி ஒரு சாட்சி. அங்கே 1992-ல் தனியார் பஸ்களை ஏராளமாக இறக்கினார்கள். முதலில் ரெட்லைன், பிறகு புளூலைன் என்று பெயர். ஒருவர் இரண்டு பேர் என்று உதிரி உதிரியாக முதலாளிகள். ஒரே நிறுத்தத்துக்கு நாலு வண்டி பாயும். சாலையில் அத்தனை பேர் செத்த பிறகுதான் அவற்றைப் படிப்படியாக அகற்றினார்கள்.

இங்கிலாந்தையும் சொல்லிவிடுகிறேன். 1986 அக்டோபர் 26 முதல் லண்டனுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் எந்தத் தடத்திலும் பஸ் ஓட்டலாம், கட்டணமும் அவர்கள் விருப்பம் என்று திறந்துவிட்டார்கள். கொழுத்த தடங்களில் வண்டிகள் குவிந்தன. மெலிந்த தடங்களுக்கு உள்ளாட்சிகள் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. மான்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் எல்லாப் பஸ்களையும் மறுபடியும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. நாற்பது ஆண்டுப் பாடம் இது. நாம் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

அஸ்தம்பட்டி கணக்கர் (சனி, காலை 8.05)

மாணவி எடுத்த அதே எடுத்துக்காட்டில்தான் என் பதிலும் இருக்கிறது. லண்டனை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கேயும் பஸ்ஸை ஓட்டுவது தனியார்தான். தடம், நேரம், கட்டணம், வண்டியின் நிறம்கூட நகர நிர்வாகம் முடிவு செய்கிறது. ஓட்டுவதற்கு மட்டும் போட்டி. டிக்கெட் பணம் நிர்வாகத்துக்குப் போகிறது. நிறுவனத்துக்கு ஓட்டிய தூரத்துக்கு ஏற்பப் பணம், நேரம் தவறினால் பிடித்தம். மான்செஸ்டரும் அந்த முறைக்குத்தான் மாறியது. அங்கேயும் வண்டியை ஓட்டுவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனங்கள்தாம்.

போட்டி இரண்டு வகை. சாலையில் பயணிக்காக அடித்துக்கொள்வது ஒன்று. அது தில்லி, நம் பஸ் நிலைய வாசலும் அதுதான். ஒப்பந்தத்துக்காக மேசையில் விலை குறைப்பது மற்றொன்று. நான் கேட்பது இரண்டாவதை. தலைக்கு இவ்வளவு என்று கூலி இல்லாத இடத்தில் ஓட்டுநர் எதற்காகப் பறக்க வேண்டும்? 2025 ஜூனில் சென்னை மாநகரில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பஸ்களே இந்த வகைதான்: வண்டியும் ஓட்டுநரும் தனியார், நடத்துநரும் வசூலும் போக்குவரத்துக் கழகம், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம். மினி பஸ்ஸையும் பாருங்கள். 1997-லேயே பஸ் போகாத ஊர்களுக்கென்று தனியாரை அழைத்தது அரசுதானே? 2025-ல் வந்த புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் 65 விழுக்காடாவது பஸ் போகாத பகுதியாக இருக்க வேண்டும் என்று விதி. யார் ஓட்டினாலும் எந்த ஊருக்கு ஓட வேண்டும் என்பதை விதியில் எழுத முடியும்.

மிளகுக்கொடி (சனி, பிற்பகல் 2.30)

ஐயாக்களே, மலையில் இருப்பவர்களைக் கேளுங்கள் என்று நடத்துநர் அண்ணன் எழுதியதால் வந்தேன். நாகலூருக்கும் அப்பால் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊர்ப் பெயரும் பஸ்ஸின் பெயரும் வேண்டாம்; எழுதினால் அடுத்த வாரம் அதுவும் வராது.

எங்களிடம் முக்கால் ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகு, நாலு பலா. வெள்ளைக்காரக் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று பள்ளிப் புத்தகத்தில் என் மகள் படித்தாள். இருநூறு ஆண்டாகக் காப்பி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் ஏறி இறங்குவதுதான் இன்னும் பாடாக இருக்கிறது.

மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். காலை ஆறு மணிக்கு பஸ். அதைப் பிடிக்க நாலரைக்கு எழுந்து, பனியில் டார்ச் அடித்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறாள். மாலையில் திரும்ப ஒரே பஸ். அது வரும் நாளில் ஒன்பது மணிக்குள் வீட்டில் இருப்பாள். வராத நாளில் ஏற்காட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து ஜீப், ஆள் நிறைந்தால் தலைக்கு அறுபது ரூபாய், நிறையாவிட்டால் ஜீப் நகராது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவளும் வேறு இரண்டு பெண்களும் ஒன்பதரை வரை டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்பையும் பார்க்கவில்லை, மாட்டையும் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டால் ஒரு நாள் டயர், ஒரு நாள் டிரைவர் விடுப்பு, ஒரு நாள் “மேலே ஆள் இல்லையம்மா, மூன்று பேருக்காக ஏன் ஏறுவது” என்பார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தி என் பிள்ளை. வண்டியில் அரசு முத்திரை இருந்தால் என்ன, முதலாளி வீட்டுச் சாமி படம் இருந்தால் என்ன? மூன்று பேருக்காக ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஏற்காடு விடுதிக்காரர் (சனி, மாலை 5.10)

அடிவாரத்தில் கார்களுக்குக் கட்டணம் என்ற மூன்றாவது யோசனைக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அங்கே போகிறவர்கள் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள்; முன்கூட்டியே திட்டமிடுவார்கள். ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் நினைத்து மதியம் ஏறி இரவில் இறங்குகிறவர்கள். சேலம், நாமக்கல், ஈரோட்டுக் குடும்பங்கள். கையில் ஆயிரம் ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அடிவாரத்தில் நூறு ரூபாய் போனால் அந்த நூறு என் விடுதியில் குறையாது. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி விற்கும் பெண்ணிடமும் கொய்யா விற்கும் பையனிடமும் குறையும்.

கூட்டம் கூடும் நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றிக் குப்பனூர் வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாட்டைச் செய்கிறார்கள். அந்த நாட்களில் நெரிசல் கண்கூடாகக் குறைகிறது. எல்லா வார இறுதிக்கும் அதையே செய்தால் ஒரு பைசா வசூல் இல்லாமல் காரியம் முடியும்.

அஸ்தம்பட்டி கணக்கர் (சனி, மாலை 5.45)

ஒருவழிப் பாதை நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸையும் சேர்த்துக் குப்பனூர் வழியாகச் சுற்ற வைக்கிறது. நூறு ரூபாயை நான் பிடிவாதமாகச் சொல்லவில்லை. இரு சக்கர வண்டிக்கும், சேலம் மாவட்டத்துப் பதிவெண் உள்ள காருக்கும் விலக்குக் கொடுங்கள். கார்களை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸில் ஏறலாம் என்ற நிலை வந்தால் அந்தக் குடும்பங்களுக்குப் பெட்ரோல் மிச்சம்; பஜ்ஜிக்கு இன்னொரு தட்டு வாங்குவார்கள்.

மிளகுக்கொடி (சனி, மாலை 6.20)

எங்கள் ஊர் ஜீப்பும் காப்பி மூட்டை ஏற்றும் வண்டியும் எந்தக் கட்டணமும் இல்லாமல் போக வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதிய பிறகு மற்றதைப் பேசுங்கள்.

சங்ககிரி லாரிக்காரர் (சனி, இரவு 8.30)

சந்தை, சந்தை என்கிறீர்கள். சரக்குப் போக்குவரத்தில் வாடகையை அரசு நிர்ணயிப்பதில்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நாங்கள் அரை நூற்றாண்டாக அந்தச் சந்தையில்தான் பிழைக்கிறோம். அதன் நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும்.

நல்லது முதலில். செவ்வாய்ப்பேட்டையில் காலையில் போன் செய்தால் மாலையில் வண்டி வாசலில் நிற்கும். எந்த அதிகாரியின் கையெழுத்தும் வேண்டாம். சேகோ (ஜவ்வரிசி) மூட்டை அகமதாபாத் போக வேண்டுமா, இரும்பு பெங்களூர் போக வேண்டுமா, வண்டி உண்டு. நாடு முழுவதும் ஓட ஒரே பர்மிட் போதும் என்று 2010-ல் நேஷனல் பர்மிட்டை எளிதாக்கிய பிறகு எல்லைக்கு எல்லை நிற்கும் தொல்லையும் குறைந்தது.

இப்போது மற்றது. லோடு குறைந்த மாதத்தில் ஒருவன் ஆயிரம் குறைத்தால் அடுத்தவன் இரண்டாயிரம் குறைக்கிறான். டீசலும் சுங்கமும் தவணையும் குறையாது. எதில் குறைப்பான்? டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டுவான். இரண்டு டிரைவர் போக வேண்டிய தூரத்துக்கு ஒரு டிரைவரை அனுப்புவான். என்னிடம் மூன்று வண்டி இருந்தது, இப்போது ஒன்று. அந்த ஆண்டுகளில் நானும் ஒற்றை டிரைவரை அனுப்பியிருக்கிறேன். அந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

ஆகவே கணக்கரே, குறைந்த தொகை கேட்பவனுக்குத் தடம் என்றால் கேட்கிறவன் எங்கே கையை வைப்பான் என்று எனக்குத் தெரியும். பிரேக் லைனிங்கில் வைப்பான், டிரைவர் ஓய்வில் வைப்பான். இருபது வளைவு இறங்கும் வண்டிக்கு அது ஆகாது. இதற்கு மேல் குறைத்துக் கேட்டால் ஒப்பந்தமே செல்லாது என்று ஒரு தரைவிலை வையுங்கள். டிரைவர் சம்பளமும் ஓய்வு நேரமும் ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கட்டும். அப்படியானால் நான் உங்கள் பக்கம்.

வாழப்பாடி உழவர் (சனி, இரவு 9.50)

லாரிக்கார அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை 136 கிலோமீட்டர். தனியார் முதலீட்டில் கட்டி, கட்டணம் வசூலித்துக்கொள்ளும் முறையில் போட்டது. நான்குவழிச் சாலை என்று பெயர். ஆனால் வாழப்பாடி, ஆத்தூர் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகள் நெடுங்காலம் இருவழியாகவே கிடந்தன. நான்குவழியில் நூறில் வந்த வண்டி திடீரென்று இருவழிக்குள் நுழையும், எதிரே பஸ். என் அத்தை மகனைப் பறிகொடுத்தது அப்படி ஓர் இரவில்தான். மேட்டுப்பட்டிச் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. சாலை எங்கள் வயலுக்குள் போகிறது, காகிதம் எங்கள் கண்ணுக்கு எட்டவில்லை.

இன்னொன்று. சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைக்கு 2018-ல் கல் நட வந்தார்கள். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய் என்றார்கள். தென்னையும் கிணறும் உள்ள நிலத்துக்கு “உன் விலை என்ன” என்று யாரும் கேட்கவில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை கொடுத்து எடுக்கலாம் என்றது. கட்டணம் வாங்கும்போது சந்தை விலை, நிலம் எடுக்கும்போது அரசு ஆணை என்றால் உழவன் எப்படி நம்புவான்? ஏற்காட்டு ஒப்பந்தம் எதுவானாலும் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள்.

அம்மாப்பேட்டை மாணவி (ஞாயிறு, காலை 7.30)

கணக்கர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. என் அம்மா நெசவுக்கு நூல் சுற்றுகிறவர். எங்கள் வீட்டில் அந்தப் பணத்தில்தான் என் புத்தகங்கள். உங்கள் சந்தைக் கணக்கில் இதற்கு இடம் உண்டா?

அஸ்தம்பட்டி கணக்கர் (ஞாயிறு, காலை 8.15)

கண்டிப்பாக உண்டு. நான் இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு அம்மாப்பேட்டை நிறுத்தத்தில் பெண்கள் தனியார் பஸ் இரண்டை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் பார்க்கிறேன். அரசு தரும் பணம் போக்குவரத்துக் கழகத்துக்குப் போகாமல் பயணியோடு போகட்டும். எந்த வண்டியில் ஏறினாலும் அந்த வண்டிக்கு ஈடு கிடைக்கட்டும். காத்திருக்கும் அந்த இருபது நிமிடமும் அவர்களுக்குக் காசுதானே?

பழைய நடத்துநர் (ஞாயிறு, காலை 9.00)

தலைக்கு இவ்வளவு ஈடு என்று தனியாருக்குச் சொல்லிப் பாருங்கள். ஏறாத தலைகளுக்கும் டிக்கெட் கிழிபடும். கிழிக்கச் சொல்லி மேலே இருந்து நெருக்குவார்கள், கீழே இருப்பவன் மாட்டுவான். அதற்கு மாறாக, ஈடு கொடுக்காமல் சலுகையை மட்டும் தனியார் தலையில் கட்டினால் கேரளத்து மாணவர்களின் கதை ஆகும். அங்கே சலுகை டிக்கெட் வாங்கும் பிள்ளைகளை ஏற்றாமல் போவதாக ஓயாத சண்டை. இதில் எந்தப் பக்கம் போனாலும் ஏறுகிறவர்களுக்குத்தான் அடி.

அஸ்தம்பட்டி கணக்கர் (ஞாயிறு, முற்பகல் 11.20)

மிளகுக்கொடி அம்மா கேட்ட கேள்விக்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது. மூன்று பேருக்காக பஸ் ஏறுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சேலத்திலிருந்து அவர் ஊர் வரை 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சமவெளிக் கட்டணமான 58 பைசாவையே எடுத்தால் ஆளுக்கு 23 ரூபாய். மூன்று பேருக்கு எழுபது ரூபாய் வரவு. மலையில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைத்தால் பத்து லிட்டர் டீசல். அதுவே 920 ரூபாய். சம்பளமும் தேய்மானமும் தனி. டீசலில் மட்டும் 850 ரூபாய் துண்டு விழுகிறது. கட்டணத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் இது அடையாது; எந்தச் சந்தையும் தானாக இந்த நடையை ஓட்டாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த 850 ரூபாய்க்குப் பெயர் வைக்க வேண்டும் என்கிறேன். இப்போது அது யார் கணக்கிலும் தெரியாத நட்டம். அதனால்தான் ஒரு நாள் டயர் என்றும் மறுநாள் விடுப்பு என்றும் நடையை வெட்ட முடிகிறது. இன்ன நடைக்கு இவ்வளவு தருகிறோம், ஓடாத நாளுக்குத் தர மாட்டோம் என்று எழுதினால் வெட்டுகிறவனுக்கு அன்றைக்கே கை சுடும். கார்க் கட்டணத்தில் பத்துக் கார் இந்த 850 ரூபாயைத் தாங்கும்.

பழைய நடத்துநர் (ஞாயிறு, பிற்பகல் 1.05)

உங்கள் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, தம்பி. மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, அதனால் குறை சொல்லவில்லை.

மலை ஊருக்கு இரவில் ஏறும் பஸ் திரும்பி இறங்காது. அங்கேயே தங்கும். நைட் ஹால்ட் என்போம். ஊர்க் கோயில் திண்ணையிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ படுப்போம். விரிப்பு, போர்வை, ஒரு தண்ணீர்க் குடம். குளிர்காலத்தில் காதில் துண்டு கட்டிக்கொண்டு வண்டிக்குள்ளேயே படுத்ததும் உண்டு. காலை ஐந்தரைக்கு டிரைவர் எஞ்சினைச் சூடாக்குவார், அந்தச் சத்தம்தான் ஊருக்குக் கடிகாரம். ஆறு மணிக்கு அதே வண்டி இறங்கும். பீன்ஸ் கூடை, பால் கேன், ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணி, கல்லூரிப் பிள்ளைகள், அத்தனை பேரும் அதில்தான். ஏற்காடு வருவதற்குள் நிற்க இடம் இருக்காது.

இரவு ஏறும் நடைக்கு எழுபது ரூபாய் வசூல் என்று பிரித்துப் பார்த்தால் நட்டம். காலை இறங்கும் நடையை அதோடு சேர்த்துப் பாருங்கள். இரவு வண்டி ஏறாவிட்டால் காலை வண்டி கிடையாது. காலை வண்டி வேண்டுமென்றால் சேலத்திலிருந்து விடியற்காலையில் காலியாக ஏற வேண்டும், அதற்கும் அதே பத்து லிட்டர். நீங்கள் நடை நடையாகப் பிரித்து விலை வைத்தால், ஒப்பந்தக்காரர் காலை நடையைக் கேட்பார், இரவு நடையை விடுவார். கொழுத்த நேரத்தை ஒருவரும் மெலிந்த நேரத்தை வேறொருவரும் எடுத்தால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்தால் அந்த ஊருக்கு பஸ் இல்லை.

பேட்டா கொடுத்து மலையில் தங்கவைப்பதை வீண் செலவு என்று வெட்டிய ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்டியவர்கள் காகிதத்தில் மிச்சம் காட்டினார்கள்.

அஸ்தம்பட்டி கணக்கர் (ஞாயிறு, பிற்பகல் 3.40)

ஐயா, இது எனக்குத் தெரியாது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நடைக்கு நடை விலை என்பதை விலக்கிக்கொள்கிறேன். ஒரு வண்டியின் முழு நாள், இரவுத் தங்கல் உட்பட, ஒரே ஒப்பந்தமாக இருக்க வேண்டும். லாரிக்காரர் சொன்ன தரைவிலையும் ஓய்வு நேரமும் அதில் சேர வேண்டும்.

ஒப்பந்த முறையே வேண்டாம் என்பதை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. இவ்வளவு தெரிந்த நீங்கள் முப்பத்தோரு ஆண்டு உள்ளே இருந்தீர்கள். அப்படியும் தங்கலை வெட்டினார்கள். வெட்டியவர்களைக் கேட்க ஊருக்கு ஒரு காகிதம்கூட இல்லையே? ஒப்பந்தம் இருந்தால் இருக்கும். போக்குவரத்துக் கழகமே அந்த ஒப்பந்தத்துக்குப் போட்டியிடட்டும், வெல்லட்டும், எனக்கு மகிழ்ச்சிதான்.

பழைய நடத்துநர் (ஞாயிறு, மாலை 4.15)

கழகத்துக்கு எழுத்தில் பணம் கொடுங்கள், எழுத்தில் கணக்குக் கேளுங்கள். அதுவரை உங்களோடு வருகிறேன். பிள்ளைகள் இரவில் ஏறும் வண்டியை, மூன்றாண்டு முடிந்ததும் கட்டுப்படியாகவில்லை என்று கிளம்பிவிடக்கூடிய ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அந்த இடத்தில் நாம் சேரப் போவதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஓடிய நாள், ஓடாத நாள் என்று பணம் பிடிப்பதானால் யார் சாட்சி? சேலத்தில் டைம் கீப்பர் இருக்கிறார். மலை ஊரில் யார் இருக்கிறார்கள்? ஜிபிஎஸ் கருவியைப் பாதி வழியில் அணைத்துவிட்டு ‘சிக்னல் இல்லை’ என்றால் மறுக்க முடியுமா?

மிளகுக்கொடி (ஞாயிறு, இரவு 8.50)

நாங்கள் இருக்கிறோம், அண்ணா. எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பஸ் வந்ததும் முதலில் இறங்குகிறவர் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். வராத நாளில் கடைக்கார அம்மா எழுதுவார். ஜூன் மாதத்தில் தொடங்கியது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல்தான் வைத்திருக்கிறோம்.

ஓடாத நாளுக்குப் பிடிக்கும் பணம் எந்த அலுவலகக் கணக்குக்கும் போக வேண்டாம். அன்றைக்கு ஜீப்புக்கு நாங்கள் கொடுத்த அறுபது ரூபாயாக எங்களுக்கே வரட்டும். கணக்கர் ஐயா அதை உங்கள் காகிதத்தில் சேருங்கள். நடத்துநர் அண்ணா, நீங்களும் ஒரு நாள் வாருங்கள். நோட்டைப் பார்த்து எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கோயில் திண்ணை அப்படியேதான் இருக்கிறது.

இந்த வாரம் எழுதியிருப்பது: திங்கள் 7.50. செவ்வாய் 8.10, மழை. புதன் வரவில்லை. வியாழன் 7.45. வெள்ளி 8.30, ஏற்காட்டில் கார் நெரிசல். சனி வரவில்லை. இன்று ஞாயிறு, 8.40, நாலு பேர் இறங்கினார்கள்.